மீனுக்கும் வெரிஃபிகேஷன்

மேலகரம் நல்லக்கண்ணு போலீஸில் இருந்த காலத்தில் ஒரு திருடனையாவது துரத்திப் பிடித்தாரா என்று கேட்டால் அவருக்கே சிரிப்பு வந்துவிடும். ஏட்டையா பார்த்ததெல்லாம் பாஸ்போர்ட் விசாரணைதான். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவுக்குப் போகிற ஊரில் அது லேசுப்பட்ட வேலையா? அவர் பைக் தெருவுக்குள் நுழைந்தாலே நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். டீ வரும், மிக்சர் வரும். எல்லாவற்றையும் முடித்துவிட்டு, "ரிப்போர்ட் மேல போவும்" என்று எழுந்துவிடுவார்.

ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அவருக்காக எவரும் நாற்காலி துடைக்கவில்லை. மனைவி மாரித்தாய்கூட அவர் வந்தால் டிவியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. மனிதருக்கு அது வலித்தது. அந்த நேரம் பார்த்து யூடியூபில் ஒருவன், ஆஸ்கார் மீன் வளர்ப்பவரின் முகத்தை அடையாளம் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு ஓடிவரும் என்றான். தன்னைக் கண்டதும் ஓடிவர ஒரு ஜீவன்! அது வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. நாலடித் தொட்டி வாங்கித் தண்ணீர் நிரப்பி மோட்டாரையும் ஓடவிட்டார். மீன்தான் பாக்கி.

தென்காசியில் கிதிர் முகம்மதுவின் வண்ண மீன் கடைக்கு வாரம் தவறாமல் போனார். வாங்குவதற்கு இல்லை, விசாரிப்பதற்கு. கையில் டைரி வேறு.

"இது எங்கேருந்து வந்தது பாய்?"

"மெட்ராஸ் பண்ணையிலருந்து அண்ணாச்சி. பத்து நாளாச்சு."

"கூட வந்ததுல எத்தன செத்துச்சு? உண்மையச் சொல்லும்."

"ஒண்ணு."

டைரியில் ஏறியது. பிறகு தொட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார். துடுப்பை விரித்து நீந்துகிறதா, மடக்கிக்கொண்டு மூலையில் கிடக்கிறதா? உடம்பில் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி உண்டா? மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா? தீனி போடச் சொல்லி, அது விழுங்குகிறதா துப்புகிறதா என்று பார்ப்பார். பக்கத்துத் தொட்டி மீன்களும் விசாரணைக்குத் தப்பவில்லை. ஒரே தண்ணீர் ஓடுகிற தொட்டிகளில் ஒன்றுக்கு நோவு வந்தால் மற்றதற்கும் வரும் என்று படித்திருந்தார். முறையில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கடைக்காரருக்குத்தான் பொறுமை வேண்டும்.

ஐந்தாவது வாரம் கறுப்பும் ஆரஞ்சுமாய் ஒன்றைக் காட்டி, "இதப் புடியும்" என்றார்.

கிதிர் முகம்மது வலையைத் தொடவில்லை. "நான் ஒங்க வீட்டப் பாக்கணும்லா அண்ணாச்சி?"

"எதுக்கு?"

"வெரிஃபிகேஷன்."

மறுநாள் காலை பாய் குற்றாலத்துச் சாரலில் நனைந்துகொண்டே வந்து இறங்கினார். தொட்டியை அளந்தார். தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து முகர்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு மங்களேஸ்வரியையும் விடவில்லை.

"எக்கா, இங்கன இருக்காரே, ஆளு எப்படி?"

"ஏட்டையாவா? குத்தம் சொல்லக்கூடாது. எம் மவன் பாஸ்போர்ட்டுக்கு மூணு தடவ வந்தாரு. மூணு தடவையும் டீ குடிச்சாரு."

அதையும் குறித்துக்கொண்டார். நல்லக்கண்ணு தாமே ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மாரித்தாய் டிவியை அணைத்துவிட்டு டீயோடு வந்து நின்றாள். இது டிவியைவிட நன்றாக இருந்தது.

கிதிர் முகம்மது டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "பதினாறு வருஷத்துக்கு முன்னால எனக்கும் நீங்கதான் வந்தீய. இருபத்திரெண்டு நாளா ரிப்போர்ட் போவல. சவுதியில தம்மாம்ல என் வேலைய வேற ஆளுக்குக் குடுத்துட்டாவ. எதுக்கு நிறுத்தி வச்சீய? யாரும் மொட்டைக் கடுதாசி போட்டாவளா? எனக்கு எம் மச்சான் மேலதான் சந்தேகம். இன்னைக்கு வரைக்கும் அவன்ட்ட பேச்சு இல்ல."

நல்லக்கண்ணு யோசித்தார். பாயின் முகம்கூட அவருக்கு ஞாபகமில்லை. கடிதம் வந்தது என்று ஒரு சொல் சொன்னால் போதும், மானமும் தப்பும், மீனும் வரும். பாஸ்போர்ட் விசாரணையில் அதைவிடப் பெரிய பொய்யெல்லாம் பார்த்தவர்தான். ஆனால் எதிரே இருந்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

"காரணம்லாம் ஒண்ணும் இல்லவே. மொட்டைக் கடுதாசி வந்தா எனக்கு மறக்காது. ஒம்ம ஃபைல் அடியில கெடந்திருக்கும். நான் எடுத்துப் பாக்கல. தப்புதான்."

வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

கிதிர் முகம்மது டீயை அடிமண்டி வரை குடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மொதல்ல மச்சானுக்குப் போன் போடணும்" என்று எழுந்தார். "தொட்டி சுத்தமா இருக்கு. தண்ணி நல்லாருக்கு. ஆளும் பரவால்ல."

"அப்ப மீனு?"

"இருபத்திரெண்டு நாள் ஆவும்."

"எதுக்குவே அத்தன நாளு?"

"காரணம்லாம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

வெளியே சாரல் வலுத்திருந்தது. நல்லக்கண்ணு குடையை எடுத்து விரித்து, பாய் பைக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்கிறவரை பக்கத்திலேயே நின்று பிடித்தார்.