சின்னக்கா படத்துக்கு விழுந்த மாலை

அரூர் கடைத்தெருவில் ராஜமேரி யாரையாவது ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டால் போதும், அந்த ஆள் முந்தானையாலோ துண்டாலோ முகத்தை மறைத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். வீட்டுக்குப் போய் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டவர்களும் உண்டு. இத்தனைக்கும் அவள் சூனியக்காரி அல்ல. படம் வரைகிறவள், அவ்வளவுதான். ஆனால் பதினோரு வருடமாக அவள் வரைந்ததெல்லாம் செத்துப்போனவர்களை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்காக அவள் அந்த வேலையைச் செய்தாள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பத்து வருடத்துக்கு முந்தின கல்யாண போட்டோவைத் தேடி எடுத்து வருவார்கள். அதில் மூன்றாம் வரிசையில், மிளகளவு தலையோடு இறந்தவர் நின்றிருப்பார். அந்த மிளகைச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கிக் கறுப்புப் பொடியும் தூரிகையுமாக முகத்தைக் கொண்டுவர வேண்டும். அந்த போட்டோவும் இல்லாத வீடுகளில் பிணத்தை நாற்காலியில் சாத்தி வைத்துப் படம் எடுப்பார்கள். மூடிய கண்களை ராஜமேரி திறந்து வரைவாள். கண் திறப்பதில் அவளை அடித்துக்கொள்ள திருவண்ணாமலை வரைக்கும் ஆள் கிடையாது. படத்தின் மூலையில் ஸ்டுடியோவின் பெயர்தான் இருக்கும். ஆனாலும் அது ராஜமேரி கை என்று ஊருக்கே தெரியும். அந்தப் புகழ்தான் அவளுக்கு வினையாகிவிட்டது.

அவள் மனசில் இருந்த ஆசை ஒன்றே ஒன்று. உயிரோடிருக்கிற ஒரு முகத்தை வரைய வேண்டும், கீழே தன் பெயரை எழுத வேண்டும். ஸ்டுடியோவை நம்பாமல், வீட்டு வாசலில் ஒரு போர்டு மாட்டி நாலு பேர் தேடி வந்து உட்கார வேண்டும். அதற்கு முதலில் ஒரே ஒரு ஆளாவது முன்னால் உட்கார்ந்தாக வேண்டுமே!

எண்பத்தாறாம் வருடம் மார்கழியில் அந்த வாய்ப்பு வந்தது. புளி வரத்து தொடங்குவதற்கு முந்தின அந்த நாட்களில் அரூர் கடைத்தெரு ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். உயர்நிலைப் பள்ளி டிராயிங் மாஸ்டர் அர்ச்சுனன், காலியாகக் கிடந்த ஒரு புளி மண்டியை மூன்று நாளுக்குக் கேட்டார். சுற்றுவட்டாரத்தில் படம் வரைகிறவர்கள், போர்டு எழுதுகிறவர்கள், லாரிக்குப் பின்னால் மயில் போடுகிறவர்கள், இண்டூர் பக்கம் மண் பொம்மை செய்கிறவர்கள் எல்லோரையும் கூட்டி ஒரு கண்காட்சி வைக்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

மண்டிக்காரர் பிடி கொடுக்கவில்லை.

“படத்தப் பாத்தா வயிறு ரொம்புமா மாஸ்டர்?”

“பாக்க வர்றவன் வயிறு காஞ்சிக்கிட்டா நிப்பான்? டீ குடிப்பான், போண்டா தின்பான், பொண்டாட்டிக்குப் பூ வாங்குவான். சட்டம் போடற ஆசாரிக்கு வேலை, படம் எழுதறவனுக்கு ஆர்டர். உங்க மண்டி வாசல்ல ஆள் நடமாட்டம் இருந்தா உங்களுக்கு கசக்குதுங்களா?”

மண்டிக்காரருக்குக் கசக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தை பிறந்து நடக்கிற நல்ல காரியம், செத்தவர்கள் படம் ஒன்றுகூட உள்ளே வரக் கூடாது. யாரை மனசில் வைத்துச் சொன்னார் என்று எல்லோருக்கும் தெரியும்.

மாஸ்டர் தயங்கித் தயங்கி வந்து இதைச் சொன்னபோது, ராஜமேரி சந்தோஷத்தில் குதிக்காத குறை. “ஒரு இடம் எனக்கு எழுதி வெச்சிருங்க சார். உசுரோட இருக்கிற ஆளத்தான் கொண்டாருவேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அட்டையில் எல்லோருக்கும் முன்னால் தன் பெயர் தொங்கப் போகிறது என்ற நினைப்பில் அன்றைக்குக் குழம்பில் உப்புப் போடவும் மறந்தாள்.

ஆளைப் பிடிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. கட்டின புருஷன் அருள்நாதனையே முதலில் கேட்டாள். மண்டியில் நூறு கிலோ மூட்டையை அலட்சியமாகத் தூக்குகிற மனுஷன், அவள் தூரிகையைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

“நீ தப்பா நெனைக்காத மேரி. ரெண்டு புள்ளைங்க இருக்குது. எதுக்கு வீண் வம்பு?”

ராஜமேரிக்கு வந்ததே கோபம்! மூன்று நாள் அவரோடு பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கோயில் வேலை இருக்கிறதென்றாள். தையல்காரருக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்களில் நாலு பேரை வழிமறித்தாள். நாலு பேரும் சிலுவை போட்டுக்கொண்டு வேகமாக நடந்தார்கள். கண்காட்சிக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

அப்போதுதான் சந்தை நாளில் சின்னக்கா வீட்டுக்குத் தேன் கொண்டு வந்தாள். சித்தேரி மலைக்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். தேன், கடுக்காய், சாமை என்று எதையாவது சுமந்து வந்து விற்றுவிட்டு, கடைசி பஸ்ஸில் மலையேறிவிடுவாள். வாய் ஓயாது. ராஜமேரி முகம் தொங்கிக் கிடப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டாள். கேட்டவள் தேன் தகரத்தை இறக்கி வைத்துவிட்டுச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

“இவ்வளவுதானா? என்னெ வரை.”

“உங்களுக்குப் பயமில்லீங்களாக்கா?”

“நீ வரைஞ்சா ஆளு சாவாங்கன்னா, உன்னெ இந்நேரம் போலீஸு புடிச்சிருக்காதா? வரை புள்ள. மூணு மணிக்குள்ள முடி, சந்தைக்குப் போவணும்.”

ராஜமேரி தூரிகையை எடுத்தாள். பதினோரு வருடத்தில் அவள் வரைந்த எந்த முகமும் அசைந்ததில்லை. இது அசைந்தது, பேசியது, தும்மியது, ‘இந்த வூட்டுல ஓடு ஒழுவுதா?’ என்று கூரையைப் பார்த்தது. போதாக்குறைக்கு அவளையே திரும்பிப் பார்த்தது! அந்தப் பார்வைக்குப் பதில் பார்வை பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. எப்படியோ வரைந்து முடித்துக் காட்டினாள்.

சின்னக்கா படத்தைப் பார்த்தாள். “இதாரு? பொணமாட்டம் இருக்குது!”

உண்மைதான். கை பழக்கத்தில் உதட்டை மூடி, சுருக்கத்தை எல்லாம் துடைத்து, முகத்தில் ஒரு சாந்தத்தை ஏற்றி வைத்திருந்தாள். சுவரில் மாட்டி விளக்கேற்றுவதுதான் பாக்கி. ராஜமேரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சின்னக்காவோ அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். வாய் திறந்து, முன்பல் இரண்டுக்கு நடுவில் சந்து தெரிய, கண் இடுங்கிப் போக அவள் சிரிக்க, ராஜமேரி சட்டென்று புது அட்டையை எடுத்தாள். சந்தை மறந்தது, மூணு மணி மறந்தது. ‘சிரிங்கக்கா, இன்னொரு தடவை சிரிங்க’ என்று கெஞ்சிக் கெஞ்சி வரைந்தாள். முடித்தபோது அட்டைக்குள்ளிருந்து ஒருத்தி எதிரே இருந்தவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே ‘ராஜமேரி, அரூர்’ என்று எழுதினாள். அந்த இரண்டு வார்த்தையை எழுத அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

“தெறக்கற அன்னிக்கு வர்றேன். எங்க ஊரையே கூட்டியாறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள் சின்னக்கா.

தை மாதம் கண்காட்சி திறக்கிற காலையில் மண்டிக் காவலாளி சின்னப்பன், பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார். நல்ல மனுஷன், இளகின மனசுக்காரர். ஒரு படத்தின் கீழே ராஜமேரி என்ற பெயரைப் படித்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே பார்த்தால் தேன்காரச் சின்னக்கா! ராஜமேரி வரைந்தாள் என்றால் அப்புறம் சந்தேகம் எதற்கு? நேரே பூக்காரக் குள்ளம்மாளிடம் ஓடினார்.

“ஒரு செவ்வந்தி மாலை குடும்மா. நம்ம சின்னக்கா போய்ச் சேந்துட்டா.”

குள்ளம்மாளும் சின்னக்காவும் சந்தையில் பத்து வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள். குள்ளம்மாள் கூடையைத் தள்ளிவிட்டு வாயிலடித்துக்கொண்டாள். இருந்ததில் நல்ல பூவாகப் பொறுக்கி மாலை கட்டி, காசு வாங்காமல் தானே கொண்டுபோய்ப் போட்டாள். சின்னப்பன் வாழைப்பழத்தில் ஊதுவத்தி குத்தினார். குள்ளம்மாள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒப்பாரி எடுக்க, டீக்கடை காலியாகிக் கூட்டம் முழுக்க மண்டிக்குள் வந்துவிட்டது.

மாஸ்டர் மூச்சிரைக்க ராஜமேரி வீட்டுக்கு ஓடிவந்தார். “என்னாம்மா இப்படிப் பண்ணிட்ட? சின்னக்கா செத்துட்டாங்களாமே!”

“அய்யோ, இல்லீங்க சார்! போன சந்தைக்குக்கூட வந்தாங்களே!”

சொல்லிவிட்டு அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். போன சந்தைக்குப் பிறகு ஆறு நாள் ஆகிவிட்டது. மலையிலிருந்து சேதி வர வழி இல்லை. ஒருவேளை நிஜமாகவே ஏதாவது ஆகியிருந்தால்? ஊர் இத்தனை வருடமாகச் சொன்னது சரிதானோ? வாழ்க்கையில் முதல் தடவையாக ராஜமேரி தன் கையைப் பார்த்துத் தானே பயந்தாள். மண்டிக்குப் போனால் மண்டிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“கழட்டும்மா அந்தப் படத்த. சொல்லியும் கேக்காம கொண்டாந்துட்டியே.”

“சித்தேரி பஸ்ஸு பதினோரு மணிக்கு வருதுங்க. அதுவரைக்கும் விடுங்க. அக்கா அதுல வரலேன்னா, நானே கழட்டிர்றேன். இனிமே தூரிகையத் தொடவே மாட்டேன்.”

பஸ் ஸ்டாண்டில் அவள் நின்ற நிலையைப் பார்த்த கண்டக்டர்கள் யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. பதினொன்று ஆயிற்று, பத்து நிமிடம் கடந்தது. பஸ் வரவில்லை. ஜெபமாலையை மூன்று சுற்று உருட்டிவிட்டாள். பதினொன்றரைக்கு, கூரை மேலே மூட்டைகளோடு பஸ் ஆடி ஆடி உள்ளே நுழைந்தது. இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். சாமை மூட்டையோடு ஒருவர், கோழியோடு ஒருத்தி, புதுத் துண்டு போட்ட சின்னக்காவின் புருஷன் கரியன். அவருக்குப் பின்னால், “அட தள்ளுங்கப்பா, தேனு சிந்திரும்!” என்று ஒரு குரல்.

ராஜமேரி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்ததில் தேன் சிந்தியே விட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. விஷயத்தைக் கேட்ட கரியனுக்கு மீசை துடித்தது.

“எம் பொண்டாட்டிக்கு மாலை போட்டவன் எவன்?”

“நீ சும்மா வா. எவனெவன் அழுவுறான்னு மொதல்ல பாக்கலாம்” என்று அவரை இழுத்துக்கொண்டு நடந்தாள் சின்னக்கா.

மண்டி வாசலில் அவளைக் கண்டதும் ஒப்பாரி பாதியில் நின்றது. குள்ளம்மாள் திறந்த வாயை மூடவில்லை. சின்னப்பன் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். சின்னக்கா நேரே படத்துக்கு முன்னால் போய் நின்று, இடுப்பில் கை வைத்துக் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

“எனக்காக யாரு அழுவாங்க, யாரு வேடிக்கை பாப்பாங்கன்னு கண்ணால பாத்துட்டேன். யாருக்குக் கெடைக்கும் இந்தக் குடுப்பினை? அடியே குள்ளம்மா, நீ மட்டும் உருண்டு உருண்டு அழுதியாமே. இந்தா, தேனு நக்கு.”

முதலில் சிரித்தது கரியன்தான். அப்புறம் மண்டியே அதிர்ந்தது. சின்னக்கா மாலையைக் கழற்றி, நாரைப் பிரித்து, “வாடறதுக்குள்ள வெச்சிக்கோங்க” என்று அங்கிருந்த பெண்கள் தலைக்கெல்லாம் பூவைப் பங்கு போட்டாள். மலைக்காரர்கள் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். “பல்லுச் சந்து கூட அப்பிடியே இருக்குதுடா!” என்று ஒருவர் கூவ, வெளியே நின்றவர்கள் முட்டிமோதி உள்ளே வந்தார்கள். செத்தவள் எழுந்து வந்து தேன் விற்கிறாளாம் என்று தருமபுரி பஸ்ஸில் சேதி போயிற்று. மறுநாள் அங்கிருந்தும் ஆள் வந்தது. டீக்கடையில் மத்தியானத்துக்குள் பால் தீர்ந்தது. லாரி மயிலுக்கு ஏழு ஆர்டர், இண்டூர் பொம்மைகள் ஒன்றுகூடத் திரும்பிப் போகவில்லை, ஆசாரி சட்டம் அடித்து அடித்துக் கை வீங்கிப் போனார். எவ்வளவு கட்டினாலும் குள்ளம்மாளின் கூடை காலியாகிக்கொண்டே இருந்தது. மண்டிக்காரர் இதெல்லாம் தன்னுடைய யோசனை என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்.

மூன்றாம் நாள் கூட்டம் சற்று குறைந்தபோது குள்ளம்மாள் வந்தாள். தலையைப் படிய வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தாள். முக்காலியை இழுத்து ராஜமேரிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“என்னெ வரைம்மா.”

வரையச் சொல்லித் தேடி வந்து உட்கார்ந்த முதல் ஆள்! ராஜமேரி கறுப்புப் பொடியை எடுத்துக்கொண்டு, “எப்படி வரையணும்ங்க?” என்று கேட்டாள்.

குள்ளம்மாள் வெட்கத்தோடு மூக்கைத் தொட்டுக் காட்டினாள். “வெள்ளக்கல்லு மூக்குத்தி ஒண்ணு போட்டு வரை.”

மூக்கில் துளைதான் இருந்தது, ஈர்க்குச்சி செருகிய துளை. ராஜமேரிக்கு இது புதிதல்ல. ‘அம்மாவுக்குக் கம்மல் போட்டு வரைங்க, உசுரோட இருக்கையில நாங்க வாங்கிக் குடுக்கல’ என்று எத்தனையோ மகன்கள் அவள் முன்னால் அழுதிருக்கிறார்கள். அவளும் வரைந்து கொடுத்திருக்கிறாள்.

“இப்ப உங்ககிட்ட இல்லீங்களா?”

“இப்ப இல்ல. இந்த மூணு நாள் மாதிரி இன்னும் நாலு நாள் வித்தா வாங்கிருவேன். சித்திரையில மாஸ்டரு மறுபடியும் வெக்கிறாராமே!”

ராஜமேரி அந்த மூக்கை நன்றாக உற்றுப் பார்த்தாள். குள்ளம்மாள் முகத்தை மறைக்கவில்லை.

“அப்ப மூக்குத்தி எடத்த மட்டும் விட்டு வெக்கிறேங்க. வாங்கிப் போட்டுக்கிட்டு வாங்க, பாத்து வரைஞ்சிர்றேன்.”

சித்திரை மாதம் இரண்டாவது கண்காட்சியின் கடைசி நாள், குள்ளம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்து, மூக்கை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.