கட்டில் கால் இறங்கிய தரை

கட்டில் கால் தரைக்குள் இறங்கியபோது ஜெயசுதா கொல்லையில் மாமனார் சடையனின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். சடையன் போட்ட சத்தத்தில் ஓடிவந்து பார்த்தால், கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அவர் சுவரோடு ஒட்டிக் கிடந்தார். அடி ஒன்றும் இல்லை. சிமெண்டுத் தரை அப்பளம் மாதிரி நொறுங்கி, அடியில் பெருச்சாளி தோண்டிய பொந்து வாயைத் திறந்திருந்தது.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கவாதத்தில் அவர் படுத்ததிலிருந்து தூக்குவதும் துடைப்பதும் அவள்தான். நடுவில் கரும்பு வெட்டவும் போகவேண்டும். கணவன் பகலவனுக்கு பெங்களூரில் கட்டட வேலை. போன் செய்தாள்.

"கான்கிரீட் போட்டுக்கினு இருக்கறோம், இப்ப லீவு கெடைக்காது. யாராவது மேஸ்திரிய கூப்புடு" என்றான்.

மேஸ்திரி மூங்கில்துறைப்பட்டில் பெரிய வேலை பிடித்திருந்தார். சின்னப் பள்ளத்துக்காக வர முடியாது என்றுவிட்டார். கடைசியில் அடுத்த தெருவுக்குப் போய்க் கொழுந்தன் வெங்கடேசன் முன்னால் நின்றாள். பாகத் தகராறில் அண்ணனோடு பேச்சை முறித்துக்கொண்டவன். அப்பாவைப் பார்க்கக்கூட வருவதில்லை.

"இன்னா அண்ணி?"

"சண்டைய அப்பறம் வெச்சிக்கலாம் தம்பி. ஒங்கப்பாவ ஒருத்தியா தூக்க முடியல. வந்து ஒரு கை குடு."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

இருவருமாகச் சடையனைக் கட்டிலோடு தூக்கி, வாசலில் வண்டி நிறுத்தும் தகரக் கொட்டகையில் போட்டார்கள். திரும்பி உள்ளே வந்து பள்ளத்தைப் பார்த்தான் வெங்கடேசன். அவனும் ஒரு காலத்தில் அண்ணனோடு கட்டட வேலைக்குப் போனவன்தான்.

"சிமெண்டு இருக்குதா?"

உடைந்த ஓரங்களை உளியால் சதுரமாக வெட்டினான். பெருச்சாளி மறுபடி வராதபடி பொந்துக்குள் கண்ணாடித் துண்டும் கல்லும் போட்டு இடித்தான். குழியின் உள்ளோரங்களில் செங்கல் பதித்து, நடுவில் ஜல்லிக் கலவையை நிரப்பினான். ஜெயசுதா கலவை குழைத்துக் கொடுத்தாள். கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. கண் சொருகியது.

"ஒக்காரு அண்ணி."

"ஒக்காந்தா எழுந்துக்க மாட்டன்."

ஈரச் சாக்கு போட்டுத் தண்ணீர் தெளித்து, தரை இறுகும்வரை சடையன் கொட்டகையிலேயே கிடந்தார். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் அவரை உள்ளே கொண்டுபோக வந்தபோது, நல்ல கையால் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கயே கெடக்கறன்" என்றார் கோணிய வாயால். "உள்ள சொவுத்தத்தான் பாத்துக்கினு கெடக்கணும்."

"இனிமே பனி ஜாஸ்தியா கொட்டும் மாமா."

"கொட்டட்டும்."

ஜெயசுதாவுக்குக் கோபம் வந்தது. இத்தனை பாடும் இவருக்காகத்தானே. சத்தம் போட வாயெடுத்தாள், அதற்கும் தெம்பில்லை. அவரை எங்கே படுக்கவைப்பது என்று இதுவரை யாரும் அவரிடமே கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வெங்கடேசன் தன் வீட்டிலிருந்து ஒரு படுதாவைக் கொண்டுவந்து கொட்டகையைச் சுற்றிக் கட்டினான். "ராத்திரில நான் இங்க படுத்துக்கறன்" என்றான், அவளைப் பார்க்காமல்.

உள்ளே அறை காலியாகக் கிடந்தது. புதுச் சிமெண்டு மட்டும் கறுப்புச் சதுரமாகத் தெரிந்தது. முந்தானையை விரித்து அதன்மேல் படுத்தாள். முதுகுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. வெளியே மாமனார் தண்ணீர் கேட்டார். எழக் கையை ஊன்றினாள்.

"இருப்பா, நான் தர்றன்" என்றது வெங்கடேசனின் குரல்.

ஊன்றிய கையை மடக்கித் தலைக்கு வைத்துக்கொண்டாள்.