கோழிக்கொண்டைப் பாத்தி

என் மனைவி சொன்னால் மண் கேட்கும். நான் சொன்னால் கேட்காது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று வருஷம் ஆனது. தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்தில் நாங்கள் குடிபோன வீட்டின் பின்பக்கம் சரளைக் கல்லும் உடைந்த ஓடும்தான் கிடந்தன. நான் விழுப்புரத்தில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். காலை ரயிலில் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வீடு. "இதுல எருக்கஞ்செடிகூட மொளைக்காது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன். அடுத்த தைக்குள் அங்கே சுரைக்காய் தொங்கியது.

எண்ணெய் மில்லிலிருந்து வேர்க்கடலைத் தோலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டைத் தோலை, மூட்டையாகக் கொண்டுவந்து பாத்தியில் பரப்பிவிடுவாள். ஈரம் அவ்வளவு சீக்கிரம் போகாது. கத்திரி வெயிலில் தென்னங்கீற்றைச் சாய்த்து மிளகாய்ச் செடிக்கு நிழல் கட்டுவாள். நான் குளிக்கிற தண்ணீர் நேராக வாழைக்குப் போகும்; சோப்பு அதிகம் போட்டால் வெளியிலிருந்தே அதட்டுவாள். ஆடியில் விதைப்பு. மார்கழி பிறந்தால் பூசணிப் பூவுக்குத் தெருப் பெண்கள் விடியற்காலையில் வந்து நிற்பார்கள். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டுப் பூ அவர்கள் கோலத்துச் சாணி உருண்டையில் உட்கார்ந்திருக்கும். தெருவில் நடக்கும்போது அதை எனக்குக் காட்டிக் காட்டிப் பெருமைப்படுவாள்.

காய்கறியெல்லாம் ஒரு பக்கம். சுவரோரம் இருந்த ஒரு பாத்தியில் அவள் கோழிக்கொண்டை மட்டும்தான் போடுவாள். குடிவந்த வருஷமே எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பத்தொன்பது நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் கடையில் பூ வாங்கிக்கொண்டு போவார்கள். இவள் மாட்டாள். "எம் பொண்ணுக்கு ஒரு வாய் சோறு ஊட்டல. பூவாவது எங்கையால வளத்ததா இருக்கட்டும்" என்பாள். ஆடிக் கடைசியில் விதைத்தால் கணக்காக அந்த வாரம் சிவப்பாய்ப் பூத்து நிற்கும்.

மூன்றாவது வருஷம் ஆவணியில் அவள் பிரம்மதேசம் கிராமத்தில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கு மல்லாட்டை பிடுங்கப் போனாள். "பத்து நாள்ல வந்துடுவேன். கீரை வளந்து நிக்குது, புடுங்கி கொழம்பு வெச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். தண்டுக்கீரைப் பாத்தியும் சுவரோரப் பாத்தியும் அடுத்தடுத்து இருந்தன. இரண்டிலும் செந்தண்டு, இரண்டிலும் ஒரே மாதிரி இலை. நான் எது தளதளவென்று இருந்ததோ அதை வேரோடு பிடுங்கினேன். பருப்புப் போட்டுக் கடைந்தேன். ருசியாகவே இருந்தது. பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பி நல்ல பெயர் வாங்கிக்கொண்டேன்.

அவள் வந்ததும் பையைக்கூட இறக்காமல் தோட்டத்துக்குப் போனாள்.

"இன்னாங்க, கீரை அப்படியே நிக்குது? இந்தப் பாத்தில இருந்தது எங்க?"

"அதான் கீரைன்னு..." என்று இழுத்தேன்.

"கடைஞ்சி சாப்ட்டீங்களா?"

முதலில் சிரித்துவிட்டாள். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் அந்த வெற்று மண்ணைப் பார்த்தபடி சிரிப்பை நிறுத்தினாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். விரல் மடக்கி நாட்களை எண்ணினாள். இரண்டு மாதம்கூட இல்லை. கையில் விதையும் இல்லை. கோயிலில் பழக்கமான ஒருத்திக்கு அவள் முந்தின வருஷம் விதை கொடுத்திருந்தாள். அன்று சாயங்காலமே போய் அதில் ஒரு பிடி திருப்பி வாங்கிவந்து தூவினாள்.

முளைத்தது. ஆனால் ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நான்கே நாளில் பாத்தி குட்டையாகிவிட்டது. அவள் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கன்றையும் மண்ணோடு அள்ளி, பெயிண்ட் டப்பா, ஓட்டை வாளி, என் பழைய டிபன் கேரியர் எல்லாவற்றிலும் நட்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் வரிசையாக வைத்தாள். நாற்பதுக்கு மேல் இருந்தது பதினொன்றாகத் தேறியது. வெயில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் பதினொன்றையும் வெளியே தூக்கிவைப்பாள், தூறினால் உள்ளே. இப்படி ஒரு பிடிவாதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இவள் என் பெண்டாட்டி என்று கர்வமாகவும் இருந்தது.

நவம்பர் முதல் தேதி வரை மூன்று செடிதான் பூத்திருந்தது. பூ ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. மனசு கேட்காமல் நான் விழுப்புரத்தில் ஒரு பை நிறைய சாமந்தி வாங்கிவந்து கதவுக்குப் பின்னால் வைத்தேன். பார்த்தாள். பூ வாடாமல் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் சேறு. ஒவ்வொரு வருஷமும் அவள் உட்கார்ந்து பூ வைப்பாள். நான் மெழுகுவத்தியைக் கொளுத்திக் கொடுத்துவிட்டு, தெரிந்தவர்களோடு பேசுகிற சாக்கில் வாசல் பக்கம் நழுவிவிடுவேன். அன்று தன் மூன்று பூவையும் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்து நகர்ந்து நின்றாள். நான் பையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீங்க வாங்கியாந்தது. நீங்களே வைங்க."

"எனக்கு வெக்கத் தெரியாதே."

"மகளுக்கு வெக்க இன்னா தெரியணும்? உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஓரத்திலிருந்து ஒவ்வொரு பூவாக வைத்துக்கொண்டு வந்தேன். புதைத்த அன்று நான் குழிப்பக்கம் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகும் கிட்டே போய்ப் பார்த்ததில்லை. இரண்டு வரிசை வைப்பதற்குள் மண் மேடு முழுவதும் மூடிவிட்டது. பையில் முக்கால்வாசிப் பூ அப்படியே இருந்தது. என் குழந்தை அவ்வளவு சின்னது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று வருஷம் கழித்து, அத்தனை பேர் நடமாடும் இடத்தில், வாய்விட்டு அழுதேன். அவள் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்து, பையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.