பலகைக்குப் பின்னால் ஒரு சலூன்

டொரான்டோவில் மெட்ரோ சுரங்கம் தோண்டும் தெருவில், கடைக்காரர்களைச் சமாதானப்படுத்துவதுதான் மார்வா பென்னட்டின் வேலை. தடுப்புவேலி எழும்பியதும், ‘கடைகள் திறந்திருக்கின்றன’ என்ற பெரிய பலகையைக் கூடவே நின்று மாட்டவைத்தவள் அவள்தான்.

சனிக்கிழமை அதே தெருவில் இருந்த டெல்ராயின் சலூனுக்குப் போனாள். நாற்காலிகள் எல்லாம் காலி. அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“பெரிய பலகை தெரியுதாப்பா? அதுதான் என் கடையை மறைச்சுக்கிட்டு நிக்குது. சுத்தி வா.”

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

“வழி தெரியாம திரும்பிட்டான். இந்த மாசத்தோட மூடறேம்மா. உங்க ரயில் வந்தா சொல்லு, ஏறி வேடிக்கை பார்க்கிறேன்.”

மன்னிப்புக் கேட்கத்தான் மார்வா வாயைத் திறந்தாள். அலுவலகப் பழக்கத்தில் வேறொன்று வந்துவிட்டது.

“உங்க பொறுமைக்கு நன்றி.”