தோடு போட்ட களுசான் சம்மனசு

“…ஒண்டில் மேய்ப்பனாய் நில்லு, இல்லாட்டில் சம்மனசாய் நில்லு. ரெண்டுக்கும் நடுவிலை நிக்க இந்த மேடையிலை இடமில்லை, பிள்ளை!”

இப்படிக் கத்தியவர் எங்கள் ஞானோபதேச டீச்சர். நத்தாருக்கு முந்தின பின்னேரம், குருநகரில், மாதா கோயில் வளவுக்குள் யேசு பாலன் பிறப்பு நாடகம். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம்; பொழுதுபட முதல் முடித்தாக வேண்டும். டீச்சரின் சட்டம் சுருக்கமானது: பெடியன்கள் கரிமீசை வைத்த மேய்ப்பர்கள், பெட்டைகள் வெள்ளைச் சட்டை போட்டுச் சிறகு கட்டிய வானதூதர்கள், அதுதான் சம்மனசுகள்.

நானோ காதில் தோடும் இடுப்பில் பெடியன்கள் போடுகிற அரைக் களுசானுமாக நின்றேன். எட்டு வயது. இரண்டும் எனக்கு உயிர். களுசானைத் தைத்தவரும் அம்மா, தோட்டைப் பூட்டியவரும் அம்மா. வீட்டுக்குள் அவை இரண்டும் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. வெளியேதான் கரைச்சல். பெடியன் என்று கூப்பிட்டாலும் பெட்டை என்று கூப்பிட்டாலும், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரியே எனக்கு இருக்கும்.

மேய்ப்பர்களிடம் போய், கரியால் மீசை கீறச் சொல்லி முகத்தைக் காட்டினேன்.

“எடேய், தோடு போட்ட மேய்ப்பனைக் கண்டா ஆடெல்லாம் வெருண்டு ஓடுமடா!” என்றான் ஒரு மேய்ப்பன்.

சம்மனசுகள் பக்கம் போனேன்.

“களுசான் போட்ட சம்மனசோ? டீச்சர், இதை ஒருக்காப் பாருங்கோ!”

ஒன்றைக் கழற்றினால் போதும், மேடை ஏறலாம். கழற்ற மனமில்லை. ஏறாமல் விடவும் மனமில்லை. அம்மா வேறு முன்னுக்கே பாய் விரித்துக் குந்தியிருந்தார். கண் முட்டியது. அழுதால் காரியம் கெட்டுப்போகும் என்று வாயைத் திறந்தேன்.

“டீச்சர், சம்மனசு ஆம்பிளையும் இல்லை, பொம்பிளையும் இல்லையெண்டு போன ஞாயிறு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்?”

“அது… ஓம், படிப்பிச்சனான்.”

“பிறகு கேள்வியும் கேட்டனீங்கள். நான் சரியாச் சொன்னனான். இனிப்பும் தந்தனீங்கள்.”

டீச்சர் என்னையும் பார்த்தார், சரியும் வெயிலையும் பார்த்தார்.

“எண்டாலும் டீச்சர், களுசானோடை…” என்று இழுத்தாள் பெரிய சம்மனசு.

“பொத்தடி வாயை! மோட்சத்திலை என்ன உடுக்கினமெண்டு நீ எப்ப போய்ப் பாத்தனீ?”

பெட்டிக்குள் ஒரு சோடிச் சிறகு மிச்சம் இருந்தது. குத்த ஊசிதான் இல்லை. டீச்சர் தன் சேலைத் தோளில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, என் சேட்டு முதுகில் சிறகைக் குத்தினார். நழுவிய தலைப்பை ஒரு கையால் பிடித்தபடி, மறு கையால் என்னை மேடைக்குத் தள்ளிவிட்டார்.