பந்தயத்துக்கு வெட்டிய படிகள்

நீரூற்றுக்கு மேலுள்ள சரிவில் மண்ணைக் கிளறக்கூடாது, புல்லை அகற்றக்கூடாது, கால்நடைகளைக் கூட விடக்கூடாது. நான் பெரிய கிளாக்கராக இருந்த தோட்டத்தின் நிர்வாகக் கையேட்டில் இப்படி ஒரு விதி இருந்தது. வெள்ளைக்காரக் கம்பனி காலத்தில் எழுதியது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகும் அதை யாரும் நீக்கவில்லை. நீக்குவதென்றால் முதலில் படித்திருக்க வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், கொழும்பிலிருந்து ஒரு குழுவினர் எங்கள் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்த அனுமதி கேட்டார்கள். தேயிலை பிடுங்கிவிட்டுச் சும்மா விட்டிருந்த மலையடிவாரம் ஓடுபாதைக்குப் பொருத்தமாம். அதற்கு எதிரே மானாப் புல் மூடிய சரிவு. ஆட்கள் உட்கார்ந்து பார்க்க வசதி. அந்தச் சரிவின் கீழேதான் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கும் பிள்ளைமடுவத்துக்கும் தண்ணீர் தரும் ஊற்று. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் பிள்ளைமடுவம். பங்களாவுக்கும் எங்கள் உத்தியோகத்தர் வீடுகளுக்கும் வேறு மலையிலிருந்து வேறு குழாய் வந்தது.

நான் விதியை எடுத்துக்கொண்டு தோட்டத்தை நிர்வகித்த துரையிடம் போனேன். அவர் நல்ல மனிதர். சிங்களவர், தமிழ் பேசுவார். விதியை இரண்டு முறை வாசித்தார்.

"கால்நடைன்னுதானே போட்டிருக்கு, கிளாக்கர்? வர்றது கனவான்கள்."

புல்லும் மண்ணும் அந்த வாக்கியத்திலேயே முன்னால் இருந்தன. அதைச் சொன்னேன். பந்தயம் முடிந்ததும் புல் தானாக வளரும் என்றார்.

சரிவில் உட்காரப் படி வெட்டும் வேலை கான் வெட்டும் ஆட்களுக்குப் போனது. மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் தேயிலைக்கு நடுவே கான் என்னும் வடிகால் வெட்டி, அதைப் பள்ளத்துக்கு இறக்கிவிடுவது அவர்கள் தொழில். நான் பார்க்கப் போன நாளில் சரிவு முழுவதும் மம்பட்டிச் சத்தமும் சிரிப்புமாக இருந்தது.

"நல்லா வழவழன்னு இழைங்கடா. கொழும்புத் தொரமாரு பொறம் நோகப்படாது."

"நனையவும் படாதுண்ணே. நனைஞ்சா அவுங்களுக்குத் தடுமன் புடிக்கும்."

ஒவ்வொரு படியின் உட்புறத்திலும் கோடு போட்டதுபோல ஒரு சிறு கான் ஓடியது. எல்லாம் ஓரத்தில் ஒரு பெரிய கானில் சேர்ந்து நேராகப் பள்ளத்தில் இறங்கின. இதை யார் கேட்டது என்று கங்காணியிடம் விசாரித்தேன்.

"யாருங்க கேக்கணும்? கான் வெட்டுன கை, ஐயா. வாட்டம் இல்லாம வெட்டச் சொன்னாத்தான் வராது."

உண்மையிலேயே அழகான வேலை. பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீர் சேரும் தொட்டி இருப்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெயில் காலம், கான்கள் காய்ந்து கிடந்தன. காய்ந்த கானைப் பார்த்து யாருக்கும் பயம் வருவதில்லை.

ஏப்ரலில் பந்தயம் நடந்தது. தோட்டத்துக்கு லீவு. கினிகத்தேனைப் பக்கமிருந்து பஸ்ஸும் லொறியுமாக ஏறி வந்தன. நாங்களும் போய்ப் பார்த்தோம், இல்லையென்று சொல்லமாட்டேன். இரைச்சலும் புகையும் எங்கள் பிள்ளைகளுக்குத் திருவிழா. அத்தனை சனத்துக்கும் கக்கூசு என்று ஒன்று யாருடைய திட்டத்திலும் இருக்கவில்லை. சோற்றுப் பார்சல், பொலித்தீன், போத்தல், எஞ்சின் எண்ணெய் எல்லாம் படிகளிலும் புதர்ப் பற்றைகளிலும் தங்கிவிட்டன. சாயங்காலம் மழை பிடித்தது. கான்கள் தம் வேலையைச் செவ்வனே செய்தன.

மறுநாள் காலையில் பிள்ளைமடுவத்து ஆயம்மா பீலிக் குழாயில் பிடித்த ஒரு செம்புத் தண்ணீரோடு அலுவலகத்துக்கு வந்து, அதை என் மேசைமேல் வைத்தார்.

"பாருங்கய்யா. தேயில போடாமலே தேத்தண்ணி வருது நம்ம பீலில."

காய்ச்சிக் கொடுக்கச் சொன்னேன்.

"காய்ச்சலாம். எண்ண நாத்தம் போயிருமா? நீங்க ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க, நான் புள்ளைங்களுக்குக் குடுக்குறேன்."

நான் குடிக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னேன்.

"எழுதுங்க. அது வர்ற வரைக்கும் புள்ளைங்க வாய மூடிக்கிட்டு இருக்குமா?"

பங்களாக் குழாயிலிருந்து பிள்ளைமடுவத்துக்கு ஒரு கிளை இழுத்தால் போதும். பழுது பார்ப்பதென்றால் துரையே உத்தரவு போடலாம். புதுக் குழாய் என்றால் பிரதேச அலுவலகம் வழியாகத் தலைமை அலுவலகம் வரை போகவேண்டும். ஆகவே, ‘குழாய்க் கசிவைச் சீர்செய்தல்’ என்று எழுதி நீட்டினேன். துரை அதை வெட்டினார்.

"பங்களாவில இருந்து மடுவம் வரைக்கும் ஒரு கசிவா? அது ஆறு, கிளாக்கர்."

அவர் சொன்னது சரி. புதுக் குழாய்க்கு விண்ணப்பம் போனது. படிகளை மூடிவிடலாமா என்று கங்காணி கேட்டதற்குத் துரை சம்மதிக்கவில்லை. அடுத்த வருடமும் பந்தயக்காரர்கள் வருவார்கள்.

பிறகு பெரிய மழை தொடங்கியது. புல் இல்லாத சரிவு கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்குள் இறங்கியது. படி வெட்டிய அதே ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டியிலிருந்து சேறு அள்ளினார்கள். இப்போது யாரும் கேலி பேசவில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் மடுவத்தில்தான் கிடந்தன. அடுத்த மழையில் தொட்டி மறுபடி நிறைந்தது.

பிள்ளைகளுக்கு வயிற்றுக்கடுப்பு கண்டது. ஒரு குழந்தையைக் கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துத் திரும்பியது, ஆனால் அதன் தாய் மறுபடி மடுவத்துக்குத் தூக்கி வரவில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் போகாமல் மறித்தார்கள். ஆயம்மா விடியற்காலையில் எங்கள் வீட்டுக் குழாயில் இரண்டு தகரத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மேடேறுவார். விதிப்படி அது உத்தியோகத்தருக்கான தண்ணீர். என் மனைவி அவருக்காகக் குழாயடியில் ஒரு விளக்கு வைத்தாள்.

நான் நினைவூட்டல் அனுப்பினேன். அது கிடைத்ததாக ஓர் அட்டை வந்தது. மறுபடி அனுப்பினேன். பிள்ளைமடுவத்தைச் சுகாதாரத்தில் சேர்ப்பதா, கட்டடத்தில் சேர்ப்பதா என்று கேட்டிருந்தார்கள். இரண்டிலும் சேர்க்கலாம் என்று எழுதினேன். அது ஒரு கிளாக்கர் எழுதக்கூடாத பதில். வருடக் கடைசியில் மடுவத்துத் தொட்டில்கள் பாதிக்கு மேல் சும்மா தொங்கின. பிள்ளை வரவு குறைந்தால் மடுவத்தை மூடவேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. அதை நான் துரைக்கு எடுத்துக் காட்டவில்லை, அவராகவே கண்டுபிடித்தார். ஆயம்மாவைக் கொழுந்து மலைக்கு மாற்றினார்கள்.

கடைசியில் பதில் வந்தது. பிள்ளைமடுவத்துக்குக் குழாய் இழுக்க அனுமதி வழங்கப்படுகிறது, செலவை நடப்பு ஆண்டு முடிவதற்குள் செய்து முடிக்க வேண்டும், தவறினால் அனுமதி தானாக ரத்தாகும், புதிதாக விண்ணப்பிக்கலாம். கடிதத்தில் டிசம்பர் மாதத்துத் தேதி இருந்தது. தபால்காரன் அதை என் மேசையில் வைத்தது ஜனவரி மூன்றாம் தேதி.