பாதி டேங்க் தண்ணீர்

பிள்ளைகளே, உங்கள் புத்தகத்தில் நிலைமம் என்று ஒரு பாடம் வருகிறது. ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும்; நிற்கிற பொருளை யாராவது தள்ளினால்தான் நகரும். இதன் பின்பாதியை நான் ஏழாவது படிக்கும்போது தெருவே கூடியிருக்க ஒப்பித்தேன். ஒப்பித்ததில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதனால் என் நைனாவின் வேலை போனது.

செஞ்சியில் அந்தக் கோடையில் எங்கள் தெருக் குழாய் வற்றிப்போயிருந்தது. பெரியப்பாவிடம் டிராக்டரும் தண்ணீர் டேங்கும் இருந்தன, ஓட்டியது அவர் தம்பியான என் அப்பா. நைனா என்றுதான் கூப்பிடுவேன். டேங்குக்குள் குறுக்கே மூன்று தகடுகள் உண்டு. அவற்றின் அடியில் சேறு தங்குகிறதென்று பெரியப்பா தகடுகளை அறுத்துப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டார். உள்ளே இறங்கிக் கழுவுவது என் வேலை. தகடுகள் போனபின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடலாம். கத்தினால் குரல் திரும்பி வரும். எனக்கென்று இருந்த ஒரே மண்டபம் அது.

நைனாவுக்குத் தகடுகளை எடுத்தது பிடிக்கவில்லை. ஏனென்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ரொப்பினா பரவால்லண்ணா. பாதி டேங்க்னா வண்டி பேச்சு கேக்க மாட்டேங்குது."

பெரியப்பா சிரித்தார். "ரொப்பி இழுத்தவனுக்குப் பாதிய இழுக்க வலிக்குதா? இன்னாடா ஞாயம் இது?"

அன்று பஜாரில் ஒரு ஓட்டலுக்குப் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு, மீதியோடு எங்கள் தெருவுக்கு வந்தோம். நான் மட்கார்டில் உட்கார்ந்திருந்தேன். மலைப் பக்கமிருந்து சரிந்து இறங்கும் தெரு அது. டேங்க் நிற்கிற இடத்தில் பெண்கள் விடிந்ததுமே குடங்களை வரிசை போட்டுவிடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற கணக்கு. தினமும் தண்ணீர் சிந்திச் சிந்தி அந்த இடம் சேறாகவே கிடக்கும். முதல் குடத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்துவது நைனாவின் பெருமை. அன்றும் நிறுத்தினார். எதிர்வீட்டு அக்கா கோணலாக இருந்த தன் குடத்தை நேராக்கக் குனிந்தார்.

டேங்குக்குள் தொம்மென்று ஒரு சத்தம். பின்னாலிருந்து யாரோ முட்டியதுபோல வண்டி முன்னே போனது. நான் கீழே பார்த்தேன். நைனாவின் கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. கணுக்கால் நரம்பு புடைத்திருந்தது. பின்சக்கரம் சுற்றாமலே சேற்றில் வழுக்க, முன்சக்கரம் அக்காவின் பாதத்தில் ஏறி நின்றது.

அக்காவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு தெரு கூடியது. பெரியப்பாவும் வந்துவிட்டார்.

"உள்ள தண்ணி முட்டிச்சுண்ணா. நான் கால எடுக்கல" என்றார் நைனா.

"முட்டறதுக்குத் தண்ணிக்கு இன்னா கொம்பா மொளச்சிருக்குது?"

யாரோ சிரித்தார்கள். பெரியப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ படிக்கிற புள்ள. சொல்லு, நின்ன வண்டி தானா போவுமா?"

என்ன பார்த்தாய் என்று அவர் கேட்கவில்லை. பாடத்தைக் கேட்டார். அந்த வாரம்தான் பள்ளியில் அந்தப் பாடம் நடந்திருந்தது. கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் நிற்பதுபோல் நின்று சொன்னேன்.

"யாராவது தள்ளாம நின்ன பொருள் நகராது."

"கேட்டுக்கோங்க. யாரும் தள்ளல. கால எடுத்துட்டான்."

நைனா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. சாவியைத் தன் அண்ணன் கையில் வைத்துவிட்டு நடந்தார். பெரியப்பா என் தலையைத் தடவி, "கெட்டிக்காரன்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நீங்கள் ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, படுக்கவைத்துத் தள்ளி, சட்டென்று நிறுத்திப் பாருங்கள். பாட்டில் நிற்கும், தண்ணீர் நிற்காது. முன்னால் போய் மோதும், திரும்பும், மறுபடி வந்து மோதும். லேசாகப் பிடித்திருந்தால் பாட்டில் கையை விட்டு நகரும். ரொப்பி மூடிய பாட்டிலில் தண்ணீருக்கு ஓட இடமில்லை. உள்ளே குறுக்கே தகடு இருந்தால், ஓடுகிற தண்ணீரைத் தடுத்துத் தடுத்து வேகத்தை அடக்கிவிடும். காய்ந்த தரையாவது இருந்திருந்தால் டயர் பிடித்திருக்கும். சேற்றில் உராய்வு போதவில்லை. நைனா சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. தள்ளியது யார் என்பது பாடத்தின் முன்பாதியில் இருந்தது. அதைப் பெரியப்பா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நைனா அரிசி மில்லில் மூட்டை தூக்கப் போனார். அதன்பிறகு எந்த வண்டியையும் அவர் தொடவில்லை. எதிர்வீட்டு அக்கா கடைசிவரை காலைச் சாய்த்துத்தான் நடந்தார்.

விபத்துக்கு அடுத்த வாரமே பெரியப்பா டேங்குக்குள் புதுத் தகடுகள் வைத்தார். ஏன் என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். மில்லிலிருந்து திரும்பிய நைனா, தலையெல்லாம் தவிடாக, எனக்குப் பின்னால் வந்து நின்றார். வெல்டிங் பொறி அடங்கும்வரை அவர் நகரவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னாடா?" என்றார்.

"இனிமே உள்ள ஓடி வெளையாட முடியாது நைனா" என்றேன்.